ஆயா தோட்டத்து மண், 5 சென்டிமீட்டர்

எங்கள் ஆய்வகத்து இரும்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் புட்டி இருக்கிறது. உள்ளே வறுத்த கேழ்வரகு மாவு போல ஒரு பொடி. ரஷ்யாவின் பிரியான்ஸ்க் வட்டாரத்தில், நோவோசிப்கோவ் ஊருக்குப் பக்கத்துக் கூட்டுப்பண்ணையில் 1990-ல் வெட்டி எடுத்த மண் அது. செர்னோபில் உலையிலிருந்து அந்த ஊர் சுமார் 180 கிலோமீட்டர். 1986 ஏப்ரல் 26-ல் உலை வெடித்து, மேகம் அந்தப் பக்கம் போய், அங்கே மழை பெய்தது. அந்த மண்ணைக் காயவைத்து, அரைத்து, கலந்து, ஒவ்வொரு கிலோவிலும் என்ன இருக்கிறது என்று பல நாட்டு ஆய்வகங்கள் அளந்து ஒப்பிட்ட பிறகு, சர்வதேச அணுசக்தி முகமை அதை ஒரு படிக்கல்லாக உலகமெங்கும் அனுப்பியது. கடைக்காரர் தராசைச் சரிபார்க்க முத்திரை குத்திய எடைக்கல் வைத்திருப்பாரே, அது போல.

தாளில் போட்டிருக்கும் கணக்கு: 1991 டிசம்பர் 31 அன்று கிலோவுக்கு 5,280 பெக்கரல், சீசியம் 137 என்னும் கதிரியக்கப் பொருள். அதாவது ஒரு கிலோ மண்ணில் ஒவ்வொரு நொடியும் 5,280 அணுக்கள் சிதைகின்றன. சீசியம் 137-இன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 30 ஆண்டு. 2008-ல் கேப்டவுனுக்கு வந்து, மண்ணில் கதிரியக்கத்தை அளக்கும் இந்த வேலையில் சேர்ந்தபோது அந்தப் புட்டியை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அதை அளக்கும்போது எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 2021 கடைசியில் பாதியைத் தொட்டது. அதே புட்டியில் ஆரம்பத்தில் இருந்த, சீசியத்தின் இன்னொரு வகையான சீசியம் 134-க்கு அரை ஆயுள் இரண்டே ஆண்டு. அது எப்போதோ கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்டது.

இந்தப் புட்டியைப் பற்றி நான் வீட்டில் பேசியது ஒரே ஒருவரிடம்தான். ரைலண்ட்ஸில் எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ஆயா.

ஆயா டர்பனில் பிறந்தவர். கல்யாணம் கட்டி கேப்டவுன் வந்தவர். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் வாடகை வீட்டில் இருந்தபோது, அந்தப் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று 1966-ல் அறிவித்தார்கள். பிறகு எல்லோரையும் போல அவர் குடும்பமும் மூட்டை கட்டி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ரைலண்ட்ஸுக்கு வந்தது. வரும்போது ஒரு கருவேப்பிலைக் கன்றை அதன் மண்ணோடு பிஸ்கட் டின்னில் வைத்து மடியில் தூக்கி வந்தாராம். இங்கே அந்த மரம் கூரைக்கு மேல் நின்றது. மரத்தடியில் முளைக்கீரை, மதும்பி, கொத்தமல்லி. மதும்பி என்று இங்கே சொல்வது நம் ஊர் சேப்பங்கிழங்கைத்தான். ரைலண்ட்ஸ் இருக்கும் கேப் ஃப்ளாட்ஸ் சமவெளி முழுக்கக் கடல் மணல். அதில் கீரை வருவதே பெரிய காரியம். ஆயா நாற்பது ஆண்டாக மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் சமையலறைக் குப்பையும் போட்டுப் போட்டு, அந்த மணலை மண்ணாக்கியிருந்தார்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா செய்தி வந்த வாரம், கதவைத் தட்டினார். கையில் ஒரு கட்டுக் கீரை.

“பாப்பா, டிவியில ஜப்பான் பாத்தேன். அங்க கீரை திங்கக் கூடாதுங்கறான். நம்ப கூபெர்க் அப்படி ஆச்சுன்னா, என் கீரை என்ன ஆவும்?”

கூபெர்க் அணுமின் நிலையம் கேப்டவுனுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டரில், கடலோரம் இருக்கிறது. இரண்டு உலைகள்; முதலாவது 1984-லும் அடுத்தது 1985-லும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கின. ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே மின்சாரம் தயாரித்துக்கொண்டிருக்கும் அணுமின் நிலையம் அது ஒன்றுதான். ஆயா வீடு அங்கிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். “ரொம்பத் தூரம் ஆயா, பயப்படாதீங்க” என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏனென்றால், தூரம் காப்பாற்றாது என்பதற்கு அலமாரியில் அந்தப் புட்டி இருக்கிறது.

ஜப்பானிலும் அதுதான் நடந்தது. மார்ச் 15 அன்று காற்று வடமேற்கே திரும்பியது. அதே நேரம் மழையும் பனியும் இறங்கின. உலையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் மலைக்குள் இருக்கும் ஈட்டாட்டே கிராமத்தில் சீசியம் மண்ணில் இறங்கியது. முதலில் வரைந்த வெளியேற்ற வட்டம் 20 கிலோமீட்டர். ஈட்டாட்டே அதற்கு வெளியே. அந்த வட்டத்துக்கு உள்ளேயே ஈட்டாட்டேயை விடக் குறைவாகப் பட்ட இடங்களும் இருந்தன. கேப்டவுன்வாசிகளுக்குத் தெரியும்: கோடையில் தென்கிழக்குக் காற்று, குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று. வடமேற்குக் காற்றுதான் இங்கே மழையைக் கொண்டுவரும். கூபெர்க்கிலிருந்து கேப் ஃப்ளாட்ஸ் பக்கம் வீசுவதும் அந்தக் காற்றுதான். இதை ஆயாவிடம் அன்று சொல்லவில்லை. “உங்க மண்ணை இப்பவே அளந்து வச்சிருவோம்” என்று மட்டும் சொன்னேன்.

“இப்ப ஏன்? இன்னும் ஒண்ணும் ஆவலியே.”

இப்போதுதான் அளக்க வேண்டும். எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது ஒரு பயம்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. மெல்க்போஸ் கடற்கரை மணல் மேட்டிலிருந்து ஒரு மாதிரி, உள்ளே மால்ம்ஸ்பரி பக்கம் கோதுமை வயலிலிருந்து ஒரு மாதிரி. மணலில் ஒன்றும் இல்லை. வயல் மண்ணில், கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் கணினித் திரையில் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட் இருக்கும் இடத்தில், ஒரு சின்ன மேடு. அது சீசியம் 137-இன் கையெழுத்து. கூபெர்க் கசிந்துவிட்டதோ என்று எனக்குக் கை நடுங்கியது. ராத்திரி எட்டு மணி. ஆய்வகத்தில் நான் மட்டும். எங்கள் மூத்த வேதியியலருக்குப் போன் போட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “134 இருக்கிறதா?”

134-இன் மேடுகள் வரும் இடங்களைப் பார்த்தேன். 605-லும் இல்லை, 796-லும் இல்லை.

“அப்படியென்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கு” என்றார்.

மறுநாள் விளக்கினார். அணு உலைக்குள் எரிபொருள் மாதக்கணக்கில் கிடக்கும்போது, அங்கே உண்டாகும் சாதாரண சீசியம் 133 ஒரு நியூட்ரானை விழுங்கி 134 ஆகிறது. அணுகுண்டில் எல்லாம் கண் மூடித் திறக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் அது சேர நேரமே இல்லை. ஆகவே 134-உம் 137-உம் சேர்ந்து இருந்தால் உலை. 137 மட்டும் தனியாக இருந்தால் பழைய குண்டுச் சோதனை அல்லது ரொம்பப் பழைய விபத்து. ஃபுகுஷிமாவில் இரண்டும் ஏறக்குறைய சமமாக விழுந்தன. செர்னோபிலில் 137-க்குப் பாதி அளவு 134. நான் பார்த்தது 1950, 60-களில் வல்லரசுகள் வானத்தில் வெடித்த குண்டுகளின் தூசி. பெரும்பாலானவை வட அரைக்கோளத்தில் வெடித்ததால் நம் பக்கம் குறைவு, ஆனாலும் விழுந்தது. மால்ம்ஸ்பரி வயல் களிமண் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, கடற்கரை மணல் விட்டுவிட்டது. பிறகு அவர் பழைய கோப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். கூபெர்க் ஓடத் தொடங்கும் முன்பு அதே வட்டாரத்தில் எடுத்த அளவுகள். அன்றைக்கே சீசியம் இருந்திருக்கிறது, இன்றைக்கு இருப்பதைவிடக் கூடுதலாக. அந்தக் கோப்பு இல்லாமல் போயிருந்தால், நான் ஒரு மின்நிலையத்தின் மேல் இல்லாத பழியைப் போட்டிருப்பேன். நிஜமாகவே கசிந்த ஒரு நாளில், “அது பழைய குண்டுத் தூசிதான்” என்று யாராவது தள்ளிவிடவும் முடிந்திருக்கும். ஜப்பானில் வானிலை ஆய்வு நிறுவனம் வானத்திலிருந்து விழுவதை 1950-களிலிருந்தே மாதாமாதம் அளந்து வைத்திருந்தது. அதனால்தான் 2011-ல் எவ்வளவு புதிது, எவ்வளவு பழையது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

சரி, ஆயாவின் மண்ணுக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். இரும்பு உருளை, ரப்பர் சுத்தியல், அளவுகோல், பைகள், கையுறை. மண் எடுப்பது தோட்ட வேலை மாதிரிதான் தெரியும். எண் பிழையாவது முக்கால்வாசி இங்கேதான். பல லட்சம் ராண்ட் போட்டு வாங்கிய கருவியில் அல்ல. சீசியம் மேலேயிருந்து விழுகிறது. முதல் சில ஆண்டுகள் மேல் 5 சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி நிற்கும். நான் மண்வெட்டியால் 15 சென்டிமீட்டர் தோண்டிக் கலக்கினால், கீழே உள்ள சுத்தமான மண்ணும் சேர்ந்து எண் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே தோட்டம், அதே விஷம், மூன்றில் ஒரு எண். பயிற்சிக் காலத்தில் நான் ஒருமுறை ஆழத்தை எழுதாமல் பன்னிரண்டு பை கொண்டுவந்து வைத்தேன். ஒரு நாள் முழுக்க வெயிலில் முட்டி போட்டு எடுத்தவை. மூத்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொன்னார். போட்டேன். அன்றைக்கு அழுதேன், இன்றைக்கு என்னிடம் பயில வரும் பிள்ளைகளிடமும் அதையேதான் சொல்கிறேன்.

கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்திலும் எடுக்கக் கூடாது. அங்கே கூரை முழுவதன் தூசியும் ஒரு கோட்டில் வந்து சேரும். ஜப்பானில் ஓட்டு விளிம்புகளின் கீழும் சாக்கடை வாய்களிலும்தான் கடுமையான புள்ளிகள் கிடைத்தன. அதைத் தேடிப் போனால் எடுக்கலாம். ஆனால் “இது தோட்டத்து அளவு” என்று சொல்லக் கூடாது. உரம் போட்டுக் கிளறிய பாத்தியும் வேண்டாம். ஆயாவின் கருவேப்பிலை மரத்துக்குக் கிழக்கே மூன்றடி தள்ளி, நாற்பது ஆண்டாகக் கிளறாத ஒரு துண்டு இருந்தது. அவர் உட்கார்ந்து கீரை ஆயும் இடம். அங்கே ஐந்து புள்ளி. ஒரே புள்ளியை நம்ப முடியாது: ஒரு அடி தள்ளினால் எண் இரட்டிப்பாகும், பாதியாகும். ஜப்பான் அரசு 2011 ஜூனிலும் ஜூலை தொடக்கத்திலும் சுமார் 2,200 இடங்களில் மண் எடுத்தபோதும் ஓரிடத்துக்கு ஐந்து மாதிரி என்றுதான் எடுத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேல் பைகள். பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவர்கள் எடுத்தார்கள். ஆனால் அந்த ஜூனுக்குள் அயோடின் 131 போய்விட்டது. அதன் அரை ஆயுள் எட்டே நாள். பெரும்பாலான இடங்களில் அதைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. குழந்தைகளின் தைராய்டைத் தாக்குவது அதுதான். அதன் வரைபடம்தான் முழுசாகக் கிடைக்காமல் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் கையுறையை மாற்றினேன், உருளையைத் துடைத்தேன்.

“சாமிக்கு அபிஷேகம் பண்ற மாதிரி இருக்கு” என்றார்.

ஆய்வகத்தில் 105 டிகிரியில் காயவைத்து, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கலந்து, குடுவையில் நிரப்பினேன். அந்தக் குடுவையின் அடியில் ஒரு குழி இருக்கும். அது உணரியின் தலைமேல் தொப்பி மாதிரி உட்காரும். சுற்றிலும் ஈயக் கோட்டை. உள்ளே இருப்பது ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகம்; திரவ நைட்ரஜனால் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரூட்டியது. ஆயாவின் மண் ஒரு முழு நாள் அதற்குள் இருந்தது.

இந்தப் படிகம் ஏன் வேண்டும் என்பதை எனக்கு நன்றாக உறைக்க வைத்தவள் என் பள்ளித்தோழி. நான் மணவாளக்குறிச்சிப் பக்கம். சின்ன வயதில் கருமணலில் விளையாடி, உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அந்த மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டுக்குள் தோரியம். தோழி இடிந்தகரையில் வாக்கப்பட்டு அங்கேயே டீச்சராக இருக்கிறாள். 2012-ல் கூடங்குளம் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது ஒரு ராத்திரி கூப்பிட்டாள்.

“எட்டி, நீ அங்க மண்ண அளந்துட்டுத்தானே இருக்க? இங்க ஒருத்தரு மெஷினைக் கொண்டுவந்து கடற்கரையில வச்சாரு. அது கிடந்து கத்துது. உலை இன்னும் ஓடவே இல்ல, அதுக்குள்ள கசிவாட்டி?”

கையில் வைத்துப் பார்க்கும் கைகர் கருவி கதிர் இருக்கிறதென்று மட்டும் சொல்லும். யாருடைய கதிர் என்று சொல்லாது. அவள் கடற்கரையில் கத்தியது, பூமி பிறந்த நாளிலிருந்து இருக்கும் தோரியமாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் மேலான சோடியம் அயோடைடு கருவிகளுக்கும் கண் கூர்மை போதாது. ரேடியத்தின் வழியில் வரும் பிஸ்மத் 609-ல் ஒளிர்கிறது. சீசியம் 134 605-ல். இரண்டும் அதற்கு ஒரே மேடாகத்தான் தெரியும். ஜெர்மானியம் மட்டும்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும். ஆனால் அவளிடம் நான் முதலில் சொன்னது வேறு. “உலை ஓடுறதுக்கு முன்னாடி ஊர் மண்ணை எடுத்து, தேதி எழுதி, யாராவது பத்திரமா வையுங்க. நாளைக்கு யார் என்ன சொன்னாலும் அது உங்க கையில இருக்கும்.” அவள் எடுத்து வைத்தாள். அவள் வீட்டுப் பரணில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது.

ஆயாவின் மண்ணில் திரையில் ஓங்கி நின்றது 1,461-ல் ஒரு மலை. பொட்டாசியம் 40. சாம்பலும் சாணமும் போட்ட மண்ணில் பொட்டாசியத்துக்குப் பஞ்சமே இருக்காது. யுரேனியம், தோரியத்தின் பிள்ளைகள் அங்கங்கே. 662-ல் ஒரு மிகச் சிறிய மேடு, கருவியின் எல்லையைத் தொட்டும் தொடாமலும். 134 சுத்தமாக இல்லை.

தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். பொட்டாசியத்தைப் பார்த்து, “இவ்வளவா? என் மண்ணுலயா?” என்று முகம் மாறிவிட்டார். “உங்க உடம்புக்குள்ளயும் இது நாலாயிரம் பெக்கரல் இருக்கு ஆயா, எனக்கும் இருக்கு, எல்லாருக்கும்” என்றேன். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கேட்ட முதல் கேள்விக்கு வந்தோம். அவர் கீரை என்ன ஆகும்? சீசியம் பொட்டாசியத்தின் பங்காளி. செடிக்கு இரண்டுக்கும் பேதம் சரியாகத் தெரியாது. களிமண்ணில் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் விரிந்த விளிம்புகளில் பொட்டாசியம் உட்காரும் குழிக்குள் சீசியம் போய்ச் சிக்கிக்கொள்ளும், லேசில் வெளியே வராது. மணலில் அந்தக் குழிகள் கிடையாது. சீசியம் தண்ணீரோடு அலையும், வேர் குடித்துவிடும். ஒரே அளவு விழுந்தாலும் மால்ம்ஸ்பரிக் கோதுமையைவிட கேப் ஃப்ளாட்ஸ் கீரைக்கு ஆபத்து அதிகம். ஆனால் மண்ணில் பொட்டாசியம் நிறைய இருந்தால் செடி அதைத்தான் முதலில் எடுக்கும். ஃபுகுஷிமா விவசாயிகள் கிலோவுக்கு 5,000 பெக்கரலைத் தாண்டிய வயல்களில் 2011-ல் நாற்று நட அனுமதிக்கப்படவில்லை. மற்ற வயல்களில் பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாகப் போட்டார்கள். பல இடங்களில் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணையே சுரண்டி, கறுப்புப் பைகளில் கட்டினார்கள். 2012-லிருந்து விளைந்த அரிசியை மூட்டை மூட்டையாக, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி மூட்டை, கருவியில் ஏற்றி அளந்தார்கள். கிலோவுக்கு 100 பெக்கரல் என்பது வரம்பு. 2015 விளைச்சலிலிருந்து ஒரு மூட்டைகூட அதைத் தாண்டவில்லை.

“அப்ப என் சாம்பல் நல்லதுதான்” என்றார் ஆயா.

“நல்லதுதான். ஆனா அப்படி ஒண்ணு விழுந்தா மேல் மண்ணைச் சுரண்டணும் ஆயா. உங்க நாற்பது வருஷ மண்ணு அதுதான்.”

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுரண்டி எடுத்துப் போன ஈட்டாட்டே விவசாயிகளின் மேல்மண்ணும் தலைமுறை தலைமுறையாகச் சாணம் போட்டு வளர்த்ததுதான். எங்கள் கணக்கில் அது ஒரு சதுர மீட்டருக்கு 65 கிலோ: 5 சென்டிமீட்டர் ஆழம், லிட்டருக்கு 1.3 கிலோ. கிலோவுக்கு 570 பெக்கரல் அந்த 65 கிலோவில் இருந்தால் சதுர மீட்டருக்கு 37,000 ஆகும். செர்னோபிலுக்குப் பிறகு ‘மாசுபட்ட நிலம்’ என்று கோடு போட்டது அந்த எண்ணில்தான். கணக்கு போடும்போது அது வெறும் பெருக்கல். ஆயா பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொன்ன பிறகு, அந்த 65 கிலோவை என்னால் வெறும் பெருக்கலாகப் பார்க்க முடியவில்லை.

அளந்த மண்ணில் மிச்சத்தை ஒரு புட்டியில் போட்டு, அலமாரியில் நோவோசிப்கோவ் புட்டிக்குப் பக்கத்தில் வைக்க அனுமதி கேட்டேன். மூத்தவர் சரி என்றார்.

ஆயா 2019-ல் தைப்பூசம் முடிந்த வாரம் போய்ச் சேர்ந்தார். மகன் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார்; வீட்டை விற்க ஏற்பாடு செய்தார். சாவியைக் கொடுக்கும் முன் என்னிடம், “அக்கா, தோட்டத்துல உங்களுக்கு ஏதாவது வேணுமா?” என்று கேட்டார். கருவேப்பிலைக் கன்று ஒன்று எடுத்துக்கொண்டேன். அப்புறம், மண் எடுக்கலாமா என்றும் கேட்டேன்.

கீரை ஆயும் இடத்தில் பாதிக்கு மேல் கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். பழைய ஐந்து புள்ளிகளில் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தன. அந்த இரண்டிலும் எடுத்தேன். மூன்றைப் புதிதாகக் குறித்தேன். சுத்தியலை இறக்கும்போது பக்கத்து நாற்காலி இல்லாதது தெரிந்தது.

பையின் மேல் எழுதினேன்: தேதி. ஆழம் 0–5 செ.மீ. ஐந்து புள்ளி, இரண்டு பழையது, மூன்று புதியது. கிளறாத மண். முந்தைய நாள் மழை. இடம்: கருவேப்பிலை மரத்துக்குக் கிழக்கே மூன்றடி.